அவசரமே இல்லாத பத்துப் பாட்டுகள்: க்ருங்பின்னின் முதல் ஆல்பம்

க்ருங்பின் குழுவின் ‘தி யுனிவர்ஸ் ஸ்மைல்ஸ் அப்பான் யூ’ ஆல்பத்தைப் பற்றி நண்பர்களிடம் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: “ஆமா, வேலை பார்க்கும்போது ஓடவிடுவேன், தொந்தரவு பண்ணாது.” காபிக் கடைகளில் ஓடுகிறது, ஹோட்டல் வரவேற்பறைகளில் ஓடுகிறது. தொந்தரவு பண்ணாது என்பது உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இந்த ஆல்பத்தில் பாதியைக்கூடக் கேட்கவில்லை என்றே சொல்வேன். இவ்வளவு நிதானமாக வாசிக்க எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்பது மேடையில் வாசித்துப் பழகியவர்களுக்குத் தெரியும்.

முதலில் விவரம். அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலம் ஹூஸ்டனைச் சேர்ந்த மூன்று பேர்: பேஸ் கிட்டார் லாரா லீ, கிட்டார் மார்க் ஸ்பியர், டிரம்ஸ் டொனால்ட் ‘டிஜே’ ஜான்சன். 2015இல் நைட் டைம் ஸ்டோரீஸ் லேபிளில் வந்த இவர்களுடைய முதல் முழு ஆல்பம் இது. பத்துப் பாட்டு, சுமார் 40 நிமிடம். பெரும்பாலான பாட்டுகளில் குரலே கிடையாது. இண்டி ராக் என்ற பிரிவில் கடைக்காரர்கள் அடுக்குவார்கள். உள்ளே போனால் 1960, 70களின் தாய்லாந்துப் பாட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உருக்கமான சோல் பாட்டு, எதிரொலியும் பேஸும் தூக்கலாக நிற்கும் ஜமைக்காவின் டப் இசை என்று பழைய சங்கதிகள்தான் நிறைய இருக்கின்றன.

நான் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா என்று போகாத மேடை இல்லை. இளையராஜா பாட்டுகளை வாசித்துத்தான் பேஸ் கற்றுக்கொண்டேன். அதனால் பேஸ் என்பது பாட்டுக்குள் ஓடும் இன்னொரு பாட்டு என்ற எண்ணம் அப்போதே ஊறிவிட்டது. இப்போது ஹூஸ்டனுக்கு வடமேற்கே சைப்ரஸ் பகுதியில் குடியிருக்கிறேன். எந்த ஆல்பத்தைப் போட்டாலும் என் காது முதலில் அடியில் போய் பேஸைத்தான் தேடும். நிறைய ராக் ஆல்பங்களில் அது இரண்டு மூன்று கிட்டார்களுக்கு அடியில் மூச்சுத் திணறிக் கிடக்கும். இதில் தேடவே வேண்டாம். பாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதே பேஸ்தான்.

‘டூ ஃபிஷ் அண்ட் ஆன் எலிஃபன்ட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லாரா லீ ஒரு சின்ன வரியை வாசிக்கிறார், திரும்பவும் அதையே வாசிக்கிறார். கேட்பதற்கு எளிது. வாசித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அந்த வரியின் அழகு நோட்டுகளில் மட்டும் இல்லை, இடையில் அவர் விடும் இடைவெளியில் இருக்கிறது. ஒரு நோட்டை எவ்வளவு நேரம் நீட்டுவது, எந்த இடத்தில் விரலை வைத்து அடக்குவது என்பதைத் துல்லியமாகச் செய்கிறார். என்னைப் போல மேடையில் பழகியவர்களுக்குக் கை துறுதுறுக்கும். இரண்டாம் சுற்றிலேயே ஒரு சங்கதி போட்டுவிடத் தோன்றும். அவர் போடுவதில்லை. நான்கு நிமிடமோ ஐந்து நிமிடமோ, பாட்டு கேட்டதை மட்டும் கொடுத்துவிட்டு நிற்கிறார். சங்கதி போடாமல் இருப்பதற்கு, போடுவதைவிட அதிகப் பயிற்சி வேண்டும்.

அவருடைய பேஸின் ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விலை உயர்ந்த வாத்தியம் இல்லை. எஸ்எக்ஸ் என்ற மலிவான பிராண்ட். அதில் ஃபிளாட்வவுண்ட் வகைக் கம்பி மாட்டியிருக்கிறார், அதை மாற்றுவதும் இல்லை. இன்று பெரும்பாலான பேஸ் கம்பிகள் உருண்டையான மெல்லிய கம்பியால் சுற்றப்பட்டவை. விரல் நகர்ந்தால் கீச்சிடும், ஒலியில் பளபளப்பு இருக்கும். ஃபிளாட்வவுண்டில் மேல்சுற்று பட்டையாக, வழவழவென்று இருக்கும். தட்டினால் ‘தும்’ என்று விழுந்து சட்டென்று அடங்கிவிடும். பழசாகப் பழசாக இன்னும் மழுங்கும். 1960களில் டெட்ராய்ட் நகரின் மோடவுன் என்ற இசை நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இதே வகைக் கம்பியைத்தான் மாற்றாமல் வைத்திருந்தார். அந்தக் கால சோல் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஆல்பத்தின் முதல் நிமிடத்திலேயே ஏதோ தெரிந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய ஒலி வேண்டும் என்பதற்காக, ரெக்கார்டு கீறும் சத்தத்தையும் டேப் இரைச்சலையும் கம்ப்யூட்டரில் எடுத்து மேலே தூவுகிற குழுக்கள் இப்போது ஏராளம். எனக்கு அது பிடிப்பதில்லை. இரைச்சலை நீக்கிவிட்டுக் கேட்டால் உள்ளே 2020இல் செய்த பாட்டுதான் இருக்கும். க்ருங்பின்னின் பழமை கம்பியிலும் விரலிலும் இருக்கிறது. சுத்தமான ஒலிப்பதிவாகக் கேட்டாலும் அது போகாது.

சரி, டிரம்ஸுக்கு வருவோம். டிஜே ஜான்சன் இந்த ஆல்பத்தில் ரோல், அதாவது டிரம்ஸ் முழுக்க வேகமாக உருட்டி அடிப்பது, மிக அரிது. ஒரே தாளம், பாட்டு முழுக்க, ஒரு மயிரிழைகூட வேகம் கூடாமல் குறையாமல். அவர் ஹூஸ்டனில் ஹிப் ஹாப் தயாரிப்பிலும் வேலை செய்தவர். ஹிப் ஹாப்பில் பழைய ரெக்கார்டிலிருந்து இரண்டு வினாடி டிரம்ஸை வெட்டியெடுத்துச் சுற்றவிடுவார்கள். அப்படி வெட்டியெடுத்த துண்டு போலவே இவர் கையால் வாசிக்கிறார். ஆனாலும் இயந்திரமாகத் தெரிவதில்லை. ஸ்னேர் என்ற நடு டிரம்மின் அடி ஒவ்வொரு முறையும் ஒரு நூல் பின்தங்கி விழுகிறது. அந்த நூலளவுதான் நம்மைச் சாய்ந்து உட்காரச் சொல்கிறது. எங்கள் ஊர் மேடைகளில் டிரம்ஸ்காரர் பல்லவி முடிந்ததும் ஒரு பெரிய ரோல் போட்டால்தான் கைதட்டு விழும். அந்த ஆசையை ஒருவர் முழுதாக விட்டுவிட்டு வாசித்தால் என்ன ஆகும் என்பதற்கு ‘மிஸ்டர் வைட்’ ஒன்றே போதும்.

இந்தப் பொறுமை எங்கே கிடைத்தது என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது தேவாலயம்தான். ஹூஸ்டன் நகரின் நடுவில் செயின்ட் ஜான்ஸ் மெதடிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. பியான்சே சிறுமியாக இருந்தபோது பாடிய அதே இடம். அங்கே கோஸ்பெல் (தேவாலய வழிபாட்டுப் பாட்டு) குழுவில் 2004இல் ஸ்பியர் கிட்டாரும் ஜான்சன் ஆர்கனும் வாசித்தார்கள். கோஸ்பெல் வாசிப்பில் போதகர் பேசிக்கொண்டே இருப்பார், பாடகர் குழு எழும் அடங்கும், எந்த நேரத்தில் எது வரும் என்று முன்கூட்டி யாரும் சொல்ல மாட்டார்கள். வாசிப்பவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எடுத்தவுடன் நான் நான் என்று முந்தினால் வழிபாடே கெட்டுவிடும். அப்படிப் பல வருடம் அடுத்தவர் வாசிப்பதைக் கேட்டே பழகியவர்கள் இருவரும். லாரா லீ 2007 வாக்கில் ஸ்பியருக்கு அறிமுகமானார். ஆப்கானிஸ்தான் இசை மேல் இருவருக்கும் இருந்த ஆர்வம்தான் முதல் பேச்சு. லாரா லீ பேஸ் வாசிக்க ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். 2010இல் பொனோபோ என்ற பிரிட்டிஷ் எலக்ட்ரானிக் இசைக் கலைஞரின் இசைப் பயணத்தில், முன்குழுவாக வாசித்த யிப்பா என்ற கலைஞரோடு லாரா லீயும் ஸ்பியரும் போனார்கள். பொனோபோ 2013இல் தன் தொகுப்பு ஒன்றில் க்ருங்பின்னின் ஒரு பாட்டைச் சேர்த்தார். இந்த ஆல்பத்துக்கு வழி அப்படித்தான் திறந்தது.

கிட்டார் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. 1960இல் இங்கிலாந்தின் ‘தி ஷாடோஸ்’ குழு ‘அப்பாச்சி’ என்ற வாத்திய இசையை வெளியிட்டது. எதிரொலி கலந்த ஸ்ட்ராடோகாஸ்டர் வகை எலக்ட்ரிக் கிட்டார், ஒரே ஒரு மெட்டு, பாடகர் இல்லை. அது உலகமெல்லாம் சுற்றியது. தாய்லாந்தில் இளைஞர்கள் அந்தப் பாணியில் குழுக்கள் அமைத்தார்கள். அந்தக் குழுக்களுக்கு ‘வோங் ஷாடோ’ என்றே பெயர் வந்துவிட்டது. வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க விமானப்படைத் தளங்கள் தாய்லாந்தில் இருந்தன. அங்கிருந்த அமெரிக்க வீரர்களோடு சோல், ஆட வைக்கும் ஃபங்க் இசை எல்லாம் வந்து சேர்ந்தன. வடகிழக்கே ஈசான் பகுதியில் ‘மோலம்’ என்ற நாட்டுப்புறப் பாட்டு உண்டு. ‘பின்’ என்று ஒரு தந்தி வாத்தியம் அதற்குத் துணை. அந்தத் தந்தியின் வளைவுகளும் நெளிவுகளும் எலக்ட்ரிக் கிட்டாருக்குள் புகுந்துகொண்டன. அந்தக் காலத்துத் தாய்லாந்துக் கேசட் பாட்டுகளை மார்க் ஸ்பியரும் லாரா லீயும் தேடித் தேடிக் கேட்டவர்கள். ‘டெர்ன் கலா’வைக் கேட்டால் தெரியும்: வாசிப்பவர் டெக்ஸஸ்காரர், விரல் மட்டும் ஈசான் வயல்வரப்பில் நடக்கிறது.

இதில் இன்னொரு சுற்றும் இருக்கிறது. அதே ‘அப்பாச்சி’யை 1973இல் ‘இன்க்ரெடிபிள் போங்கோ பேண்ட்’ டிரம்ஸும் போங்கோவும் சேர்த்து மறுபடி வாசித்தது. நியூயார்க்கின் ஹிப் ஹாப் டிஜேக்கள் அந்த டிரம்ஸ் துண்டைச் சுற்றவிட்டு ஒரு பெரிய இசை மரபையே எழுப்பினார்கள். ஒரே மெட்டு, ஒரு கிளை கிட்டாராகத் தாய்லாந்துக்குப் போனது, இன்னொரு கிளை டிரம்ஸாக நியூயார்க்குக்குப் போனது. இரண்டும் ஹூஸ்டனில் ஸ்பியரிடமும் ஜான்சனிடமும் வந்து மறுபடி சந்திக்கின்றன. இப்படி யோசித்துக்கொண்டு கேட்கும்போது இந்த ஆல்பத்தை வெறும் பின்னணி என்று என்னால் நினைக்க முடியவில்லை.

தமிழ்க் காதுக்கு இதில் ஒரு சலுகையும் உண்டு. மோலம் இசை பெரும்பாலும் ஐந்து ஸ்வரங்களில் நடக்கும். அவற்றில் முக்கியமான ஒரு அளவு நம் சுத்த தன்யாசியின் அதே ஐந்து ஸ்வரங்கள்தான். ஸ்பியர் அதே போன்ற ஸ்வரக் கூட்டங்களில் ஒரு நோட்டிலிருந்து அடுத்த நோட்டுக்கு வழுக்கிப் போகும்போது நமக்கு அந்நியமாகவே இருக்காது. என் அம்மாவுக்கு ராக் இசை என்றாலே ஆகாது. காரில் இது ஓடியபோது, “யாரு, வீணையா?” என்று கேட்டாள். வீணை இல்லை என்று சொன்னதும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லவும் இல்லை.

ஆல்பத்தைப் பதிவு செய்தது ஸ்டுடியோவில் அல்ல. ஹூஸ்டனிலிருந்து ஆஸ்டின் போகும் 290ஆம் நெடுஞ்சாலையில் ப்ரென்ஹம் தாண்டினால் பர்ட்டன் என்று ஒரு ஊர். சுமார் 300 பேர் வாழும் இடம். பழைய பருத்தி ஜின்னிங் ஆலை ஒன்று இப்போது மியூசியமாக இருக்கிறது. அங்கே ஸ்பியர் குடும்பத்துக்குச் சொந்தமான பண்ணைக் கொட்டகையில்தான் பதிவு நடந்தது. எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து அதே சாலைதான் என்பதால் அந்த வழியாக நிறையப் போயிருக்கிறேன். வசந்த காலத்தில் இருபுறமும் புளூபானெட் பூக்கள் நீலமாய் விரிந்து கிடக்கும். மற்ற மாதங்களில் மாடுகள், வைக்கோல் உருளைகள், பெரிய வானம், அவ்வளவுதான்.

கொட்டகையில் மூன்று பேர் சேர்ந்து வாசிப்பதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. டிரம்ஸ் சத்தம் கிட்டார் மைக்கில் கொஞ்சம் விழும், கிட்டார் சத்தம் டிரம்ஸ் மைக்கில் விழும். பிறகு உட்கார்ந்து ஒருவருடைய தவற்றை மட்டும் வெட்டி ஒட்டுவது கஷ்டம். ஆகவே மூவரும் ஒன்றாகச் சரியாக வாசித்தே ஆக வேண்டும், சத்தத்தையும் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆல்பத்தில் யாருமே யாரையும் மூடி வாசிப்பதில்லை என்று தோன்றுவதற்கு அந்த இடமும் காரணம் என்பது என் எண்ணம். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் ஒரு அமைப்பு புலப்படும்: பேஸும் டிரம்ஸும் காதுக்குப் பக்கத்தில், ஈரமே இல்லாமல், உலர்ந்த ஒலியாக இருக்கும். கிட்டார் மட்டும் ரிவெர்பில், அதாவது பெரிய கூடத்து எதிரொலியில், நனைந்து தூரத்தில் மிதக்கும். நடுவில் நிறைய வெற்றிடம். கீபோர்டோ வயலினோ கொண்டுவந்து அந்த வெற்றிடத்தை நிரப்பாமல் விட்டார்களே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

பாட்டு பாட்டாகச் சொல்வதென்றால், ‘மிஸ்டர் வைட்’ தொடக்கத்துக்குச் சரியான தேர்வு. இந்த ஆல்பத்தின் நடை என்ன என்பதை அப்போதே சொல்லிவிடுகிறது. ‘வைட் க்ளவ்ஸ்’ குரல் உள்ள பாட்டு. வெள்ளைக் கையுறை அணிந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சில வரிகள், கிட்டத்தட்ட முணுமுணுப்பாக. பாடகரைப் போல நெஞ்சைத் திறந்து பாடியிருந்தால் சாதாரணப் பாட்டாகியிருக்கும். குரலையும் நான்காவது வாத்தியமாக வைத்துக்கொண்டதால் துக்கம் மெல்ல ஏறுகிறது. இந்த ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டை மட்டும் கேட்க நேரம் இருக்கிறது என்றால் இதைக் கேளுங்கள் என்பேன்.

‘பீப்பிள் எவ்ரிவேர்’ எழுந்து ஆட வைப்பது. டிஸ்கோவின் துள்ளல் இருக்கிறது, ஆனால் டிஸ்கோவின் ஆர்ப்பாட்டம் இல்லை. கூடவே ‘ஸ்டில் அலைவ்’ என்று மூவரும் சேர்ந்து சொல்லும் இடத்தில் காரில் என் பத்து வயது மகளும் சேர்ந்துகொள்வாள். ‘ஆகஸ்ட் ட்வெல்வ்’ நிதானமானது. தாய்லாந்தில் ஆகஸ்ட் 12 அன்னையர் தினம். அது தெரிந்த பிறகு அந்தக் கிட்டார் மெட்டின் கனிவு எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது. ‘பால்ஸ் அண்ட் பின்ஸ்’ பழைய சோல் பாட்டின் மெதுவான அசைவு. கடைசியில் வரும் ‘சயான்ஸ்வில்’ ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல் முடித்துவைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ‘லிட்டில் ஜோ அண்ட் மேரி’, ‘தி மேன் ஹூ டுக் மை சன்கிளாசஸ்’ இரண்டும் நல்ல வாசிப்புதான். ஆனால் மற்றப் பாட்டுகளில் மனதில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு இவற்றில் இல்லை. முடிந்த பிறகு முணுமுணுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. அப்புறம், மொத்த ஆல்பமும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கிறது. ஒரு பாட்டில் உச்சம் வரும், ஒரு இடத்தில் உடைந்து அழும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். பாடல் வரிகளுக்காகவே இசை கேட்பவர்களுக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வரி என்று இங்கே பிடித்துக்கொள்ள அதிகம் இல்லை.

கேட்கும் விதம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டு முடிவுக்கு வராதீர்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போய்விடும். இந்த ஆல்பத்தில் பேஸ் போனால் மிஞ்சுவது தூரத்தில் ஒரு கிட்டாரும் டிக் டிக்கென்று ஒரு தாளமும்தான். “சும்மா பின்னணி” என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இப்படிக் கேட்டவர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஓரளவு நல்ல ஹெட்ஃபோன், இல்லாவிட்டால் காரின் ஸ்பீக்கர் போதும். முதல் முறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை ஸ்னேரை. கிட்டாரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்; அது எப்படியும் தானாகக் காதில் விழும். வினைல் இசைத்தட்டு வாங்குகிற பழக்கம் இருந்தால் இது அதற்கு ஏற்ற ஆல்பம், அடியொலி நன்றாக எழும்பும். வினைல் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

இந்தக் குழுவுக்கு பின்னால் பெரிய பெயர் வந்தது. 2025 கிராமி விருதுகளில் ‘சிறந்த புதிய கலைஞர்’ பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார்கள், அதாவது இந்த ஆல்பம் வந்து கிட்டத்தட்ட பத்து வருடம் கழித்து. தாமதமாகவாவது பார்த்தார்களே என்று எனக்கு மகிழ்ச்சிதான். இது பிடித்துப்போனால் அடுத்து 2018இல் வந்த ‘கான் டோடோ எல் முண்டோ’வுக்குப் போங்கள், அதில் ஈரான் பக்கத்து மெட்டுகளின் சாயல் கூடுதல், பேஸ் இன்னும் தைரியமானது. பாடகர் வேண்டும் என்று ஏங்குபவர்களுக்கு சோல் பாடகர் லியான் பிரிட்ஜஸோடு சேர்ந்து 2020இல் செய்த ‘டெக்ஸஸ் சன்’ இருக்கிறது. பேஸ் கற்றுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், அவற்றுக்கெல்லாம் முன்பு ‘டூ ஃபிஷ் அண்ட் ஆன் எலிஃபன்ட்’டை எடுத்து, ஒரு நோட்டுகூடக் கூட்டாமல் முழுப் பாட்டையும் வாசித்துப் பாருங்கள்.